ஹெரால்டின் வலப்பக்கச் சாய்வு நிமிர்ந்த கதை

என் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இப்போது நேராக நிற்கிறது. எதிரில் நின்று பார்த்தால் பம்பர் தரைக்கு மட்டமாக இருக்கிறது. பெயின்ட், குரோம், சீட் எல்லாம் முடித்து வந்த பிறகும் வலது பின்பக்கம் 28 மில்லிமீட்டர் தாழ்ந்தே இருந்தது. "டிரைவர் உட்கார்ற பக்கம், பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று கோத்தகிரியில் சொல்லாதவர் இல்லை. வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் கட்டிய நம்ம ஊர் வண்டி. அது கோணலாக நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அளப்பதிலேயே முதல் சிக்கல். இந்த மலையில் மட்டமான தரைக்கு எங்கே போவது? என் ஷெட்டின் சிமென்ட் தரையே வாசலைப் பார்த்து ஓடும். கொத்தனார் டியூப் லெவலை வாங்கி, நான்கு சக்கரமும் நிற்கும் இடங்களைத் தண்ணீர் மட்டம் பார்த்து, பழைய தரை ஓடும் பிளைவுட் துண்டும் அடுக்கிச் சமப்படுத்தினேன். மட்கார்டு விளிம்பிலிருந்து அளப்பதில் பயனில்லை; டிங்கரிங் பார்த்த தகடு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. சக்கர மையத்திலிருந்து சேஸிஸ் வரைக்கும் எடுத்த அளவையே நம்பலாம்.

கோளாறு முன்னாலா பின்னாலா என்று பார்க்க, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஒரே ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன். நடுவில் தாங்கினால் அந்த முனையின் ஸ்பிரிங்குக்குச் சாய்வில் பங்கு இருக்காது. சாய்வு அப்படியே இருந்தது. அப்புறம் பின்னால், இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் நடுவில் ஜாக்கி கொடுத்தேன். முன்பக்கம் கிட்டத்தட்ட மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆக, கோளாறு பின்னால்தான். இந்த வண்டியில் பின்னால் இருப்பது எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரே ஸ்பிரிங்; குறுக்கே போகும் அந்தக் கட்டின் நடுவை டிஃபரன்ஷியல் தலையில் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். அதனால் வலது பாதியும் இடது பாதியும் தனித்தனி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். ஒரு பாதி தளர்ந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும்.

இந்த வேலையில் என்னைப் பிடித்து ஆட்டியது ஒன்றுதான். இது ஸ்விங் ஆக்ஸில் வண்டி; பின் அச்சின் இரண்டு பாதியும் டிஃபரன்ஷியல் பக்கம் மட்டும் மூட்டு வைத்து, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். அதை ஜாக்கியில் தூக்கினால் பின்சக்கரங்களின் அடி உள்ளே மடங்கும். இறக்கினாலும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வெளியே விரியாது. வண்டி குதிரை மேல் நிற்பதுபோல் உயரமாக நிற்கும். அந்த நிலையில் எடுக்கும் அளவு எல்லாமே பொய். நாலு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால்தான் அமரும். உருட்டினால் என் ஓடுகளை விட்டு இறங்கிவிடும். இதற்குக் கண்ட வழி: ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் அடியில் இரண்டு தகரத் துண்டு, நடுவில் விரல் கனத்துக்குக் கிரீஸ். வண்டியை இறக்கி டிக்கியை நன்றாக அமுக்கி விட்டால், மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் வழுக்கி, சக்கரம் தானாக விரிந்து உட்காரும். எத்தனை முறை தூக்கி இறக்கினாலும் அளவு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறவில்லை. ஹெரால்டு வைத்திருப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள்.

இனி புஷ், அதாவது ஸ்பிரிங் நுனியில் இருக்கும் காது என்ற வளையத்துக்குள், நடுவில் இரும்புக் குழாயோடு உட்காரும் ரப்பர். ஸ்பிரிங் காதில் போகும் போல்ட்டை இரண்டு பக்கமும் தளர்த்தி வண்டியைக் குலுக்கி விட்டேன். அவ்வளவுதான், 28 என்பது 19 ஆனது. வண்டியை முதலில் பூட்டித் தந்த பட்டறையில் இடது சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். நட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் நின்றுவிடும். அப்புறம் வண்டியின் எடை இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு இடது பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். காசு வாங்கிச் செய்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

மீதி 19 ஸ்பிரிங்கின் தளர்ச்சி. பின்சீட்டைக் கழற்றி, தரையில் இருக்கும் மூடியைத் திறந்தால் நட்டுகள் கைக்கு எட்டும். ஸ்பிரிங் கட்டைக் கழற்றி, மேட்டுப்பாளையத்தில் லாரி ஸ்பிரிங் மட்டும் பார்க்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். அங்கே பெரியவர், "மலை வண்டிதானுங்க, ஒரு பட்டை சேர்த்துப் போட்டுட்டா கம்பீரமா நிக்குமுங்க" என்றார். லாரிக்கு அது சரி. ஸ்விங் ஆக்ஸில் வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தினால், வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி, பின்பக்கம் பிடி இழக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி என்ற தைரியத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும் இடத்தில் அது நடக்கக் கூடாது. "வேண்டாங்க அண்ணே, இருந்த வளைவே போதும். வலது பாதியை இடது மாதிரி ஆக்கிக் குடுங்க" என்றேன்.

உலையில் காய்ச்சாமல் செய்தார். காய்ச்சினால் எஃகின் விறைப்பு போய்விடும், மறுபடி டெம்பர் ஏற்ற வேண்டும். பட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு தாங்கலில் வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தி ஒரே கனத்தில் அடி. ஒவ்வொரு பட்டையையும் அடுத்ததன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். நடுவில் கீற்று தெரிந்தால் மறுபடி சம்மட்டி. அந்தக் கைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

பட்டை நுனிகளில் வரும் ரப்பர் பொத்தான்கள் தேய்ந்து போயிருந்தன. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் நைலானில் கடைந்து வாங்கினேன். அளவுக்கு ஒரு பழைய பொத்தானைக் கையோடு கொண்டு போங்கள். வாயால் சொல்லி வாங்க முடியாது.

பூட்டும்போது போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, வண்டியைக் கிரீஸ் தகரத்தில் இறக்கி, முன்சீட் இரண்டிலும் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றி, அமுக்கி அமரவிட்டு, கோணி விரித்துக் கீழே படுத்து அப்புறம்தான் முடுக்கினேன். இப்போது ஆள் இல்லாமல் வலது பக்கம் 3 மில்லிமீட்டர் உயரம். நான் ஏறினால் 4 தாழ்கிறது. இதற்கு மேல் தொட மாட்டேன்.

முன்பக்கம் மிச்சம் இருக்கிறது. சின்ன வித்தியாசம்தான், காயில் ஸ்பிரிங்கை இடம் வலம் மாற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதைத் தொடும்போது கீழ் டிரனியனுக்கு, அதாவது முன்சக்கரம் திரும்ப உதவும் மரை வைத்த கீழ் மூட்டுக்கு, கியர் ஆயிலும் அடித்துவிடுவேன். அங்கே கிரீஸ் அடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மரை காய்ந்து தேய்ந்து, கடைசியில் சக்கரம் கையோடு வரும். அதற்கு முன்னால் பின்சக்கர டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நேராக ஓடுகின்றனவா என்ற கோணம், பார்க்க வேண்டும். பின்சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் என்ற தண்டின் பிராக்கெட்டில், இடது பக்கம் இருக்கும் ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) வலது பக்கத்தில் இல்லை. தகடு வெட்ட சொல்லியிருக்கிறேன்.