வைக்கோல் பிரியும் சிமெண்டுச் சுவரும்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது, மருமகன் வலது கையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு இடது கையில் கரண்டி பிடித்து மொஹிங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையை இழுத்துப் பார்த்தால் விரல் முட்டிகளில் தோல் உரிந்து, சுண்டுவிரல் பக்கம் நீலம் பாரித்திருந்தது. 15 வயது. கொல்லைச் சுவரில் தினமும் 100 குத்து குத்துகிறானாம். "கை மரத்துப் போனாத்தான் மாமா லெத்வேயில நிக்க முடியும்" என்றான். திட்ட வாய் வரவில்லை. அவனைவிட இரண்டு வயது மூத்தவனாக இருந்தபோது நானும் இதையேதான் செய்தேன்.

ரங்கூனில் வளரும் பையனுக்கு இந்த ஆசை வருவது இயற்கை. பர்மாவின் பாரம்பரியக் குத்துச்சண்டையான லெத்வேயில் கையுறை கிடையாது, கையில் சுற்றிய துணியும் பட்டையும்தான். தலையால் முட்டலாம். 3 நிமிடம் வீதம் 5 சுற்று, பழைய முறையில் புள்ளிக் கணக்கே இல்லை, கடைசிவரை இரண்டு பேரும் நின்றால் சமன். 1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை போட்ட ச்சா பா ஞெய்ன், பிற்பாடு இதற்கு ஒழுங்கான விதிமுறைகள் வகுத்தபோதும் வெறுங்கை வெறுங்கையாகவே இருந்துவிட்டது. எதிராளி தலையைக் குனிந்து நெற்றியைக் கொடுத்தால் நம் குத்து போய் விழுவது மண்டையோட்டின் கெட்டியான இடத்தில். அங்கே உடைவது பெரும்பாலும் கைதான். அதனால் கையைப் பக்குவப்படுத்த வேண்டும் என்று பையன்கள் நினைப்பதில் தப்பே இல்லை. எதில் குத்துகிறார்கள், எவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 17 வயதில், மழைக்காலத்தில் ஒருநாள் ஈரச் சுவரில் குத்தும்போது கை லேசாக வழுக்கி, மொத்த வேகமும் சுண்டுவிரல் முட்டியில் போய் இறங்கியது. சத்தம் கேட்டது. சுளுக்கு என்று வீட்டில் சொல்லி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். எலும்பு வளைந்தபடியே கூடிவிட்டது. இப்போது கையை மடக்கினால் வலது கையில் மூன்று முட்டிதான் தெரியும். நான்காவது உள்ளே இறங்கிப்போய்விட்டது, சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொள்கிறது.

ஏன் அந்த விரல்? நீங்களே பார்க்கலாம். இடது கையை லேசாக மடக்கி, நடுவிரல் முட்டியை வலது கை விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், அசையாது. சுண்டுவிரல் முட்டியைப் பிடித்து ஆட்டினால் நன்றாக அசையும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு இறுகப் பொருந்தியவை, குத்தின் விசை அவற்றின் வழியே நேராக முன்கைக்குப் போய்விடும். மற்ற இரண்டும் பொருளைப் பிடிப்பதற்காக அசையும்படி அமைந்தவை. கராத்தேயில் முதல் இரண்டு முட்டியால் குத்து என்று ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கை சரியான பிறகு நான் போய்ச் சேர்ந்த கராத்தே சயாவிடம், அதாவது ஆசிரியரிடம், ஒரு மகிவாரா இருந்தது. ஒகினாவாவின் பழைய பயிற்சிக் கட்டை. கீழே தடித்து மேலே போகப்போக மெலிந்த பலகையைத் தரையில் ஆழமாக நட்டு, உச்சியில் வைக்கோல் பிரி சுற்றியிருப்பார்கள். அவர் என்னைக் குத்தவே விடவில்லை, முதலில் உள்ளங்கையால் தள்ளிப் பார்க்கச் சொன்னார். பலகை பின்னால் வளைந்து திரும்பி வந்தது. சுவர் வளையாது, அதனால் நீ கொடுத்த விசை முழுக்க உன் எலும்புக்கே உடனே திரும்பிவிடும் என்றார். அதற்கப்புறம் ஒரு மாதம் தள்ளுவது மட்டும்தான். மணிக்கட்டு துளி மடங்கினாலும் பலகை கையைப் பக்கவாட்டில் தள்ளிவிடும், நேராக இருந்தால் தோள் வரைக்கும் ஒரே தண்டு மாதிரி உணரலாம். எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். தோல் காய்ப்பது எல்லாம் பிறகு தானாக வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை.

சரி, எலும்பு உண்மையிலேயே கெட்டிப்படுமா? படும். சுமைக்குத் தக்கபடி எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார், டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு தடித்திருப்பதும் தெரிந்த விஷயம். ஆனால் பையன்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. எலும்பு புதுப்பிக்கப்படும்போது முதலில் பழையது அரிக்கப்படும், அதற்குச் சில வாரம், அப்புறம்தான் புதியது கட்டப்படும், அதற்குச் சில மாதம். நடுவில் அந்த இடம் முன்னைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் தினமும் நூறு நூறாகக் குத்துபவன் கட்டி முடிக்காத சுவரை இடிக்கிறான். நான் இன்றைக்கும் வாரத்துக்கு 3 நாள், கைக்கு 20 குத்துக்கு மேல் போவதில்லை.

வலி தெரியாமல் போவதைப் பலம் என்று எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய பயம். நரம்பு மழுங்கினால் வலி குறையும், உள்ளே முட்டியின் மேல் தசைநாரைப் பிடித்து வைத்திருக்கும் சவ்வு கிழிந்துகொண்டிருந்தாலும் தெரியாது. அது கிழிந்தால் விரலை நீட்டும்போது நார் ஒரு பக்கமாக நழுவும். உள்ளங்கை மேட்டால் செங்கல்லை அடிப்பவர்களுக்கு வேறு ஆபத்து. சுண்டுவிரல் பக்க மேட்டில் ஒரு ரத்தக்குழாய் கொக்கி மாதிரியான சின்ன எலும்பை ஒட்டி அதிக ஆழமில்லாமல் ஓடுகிறது, அது நசுங்கி அடைபட்டால் விரல்கள் சில்லிட்டு வெளுக்கும். கோயிலில் மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் பயிற்சி கேட்டபோது, காலால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லித் தருகிறேன், கையைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

ரத்தம் ஒட்டிய கட்டையைப் பத்துப் பேர் மாறி மாறிக் குத்துவதையும் நிறுத்த வேண்டும். மஞ்சள்காமாலை பி கிருமி காய்ந்த ரத்தத்தில் 7 நாள்கூட உயிரோடு இருக்கும், இந்த நாட்டில் அது சாதாரணமாகப் பரவிக் கிடக்கிற நோய். தோல் கிழிந்தால் அன்றைக்கு அதோடு போதும். மழைக்காலத்தில் பிரி ஈரம் குடித்துப் பூசணம் பிடிக்கும், தோலும் ஊறிப்போய்ச் சீக்கிரம் உரியும், ஜூன் ஜூலையில் நான் கட்டையைத் தொடுவதே இல்லை.

மருமகனை மறுநாளே எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனேன். நல்லவேளை, உடைவு இல்லை. ஆனால் படத்தில் விரல் எலும்புகளின் முனையில் மெல்லிய கோடு தெரிந்தது. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற இடம் அது, அங்கே அடிபட்டால் விரல் கோணலாகவோ குட்டையாகவோ நின்றுவிடலாம் என்று டாக்டர் காட்டினார். 18 முடியும்வரை கட்டை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. என் வலது கையை மடக்கச் சொல்லி, முட்டி இல்லாத அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

வீக்கம் வடிந்ததிலிருந்து சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறான். கையில் துணி சுற்றத்தான் முதலில் சொல்லித் தருகிறேன். நேற்று கட்டைவிரலில் தொடங்கியவன் மணிக்கட்டில் நிறுத்தாமல் பாதி முழங்கை வரை போய்விட்டான். அவிழ்த்து மறுபடி சுற்றச் சொன்னேன்.