39 / 38

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் துறையில் ஓர் ஒத்திகை வைத்தார்கள். கண்மாய் மடைகளைப் பற்றிய ஆய்வு என்னுடையது. பவர்பாயின்ட்டில் 38 ஸ்லைடு தயார் செய்திருந்தேன். அதில் 32 பேசுவதற்கு, கடைசி ஆறு யாராவது கேள்வி கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு.

நெறியாளர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "வெறும் ஸ்லைடு எண் மட்டும் போடாதம்மா. மொத்தம் எத்தனைன்னும் சேர்த்துப் போடு. கேக்குறவங்களுக்கு இன்னும் எவ்வளவு இருக்குன்னு தெரியணும்." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அரை மணி நேரமாக உட்கார்ந்திருப்பவருக்கு 24 என்ற எண் எதையும் சொல்லாது. 24 / 38 என்று பார்த்தால், மனதில் உள்ள கேள்வியை இப்போதே கேட்பதா, முடியும்வரை பொறுப்பதா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

ஸ்லைடு எண்ணைப் போடுவது எளிது. இன்சர்ட் மெனுவில் ஹெடர் அண்ட் ஃபூட்டர் திறந்து, ஸ்லைடு நம்பருக்கு டிக் போட்டு, அப்ளை டு ஆல் அழுத்தினால் முடிந்தது. மொத்தத்துக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். இல்லை. கூகுள் ஸ்லைட்ஸிலும் நடப்பு எண் மட்டும்தான். சரி, கையாலேயே போடுவோம் என்று, எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அமைப்பை வைத்திருக்கும் ஸ்லைடு மாஸ்டரில் எண் பெட்டிக்குள் '/ 38' என்று தட்டிவிட்டேன்.

ஒத்திகைக்கு முந்தைய இரவு மூன்று வரைபடங்களை நடுவில் சேர்த்தேன். மொத்தம் 41 ஆனது. மூலையில் இருந்த 38 அப்படியே நின்றது. மறுநாள் 'நன்றி' ஸ்லைடு வந்தபோது மூலையில் 35 / 38. இன்னும் மூன்று பாக்கி என்று சிலர் காத்திருந்தார்கள். அப்புறம் மடையின் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. அந்தப் படம் திரையில் வந்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர், "என்னம்மா, மொத்தம் 38-தானே? இது 39-ன்னு இருக்கே, ஏதாவது விட்டுப்போச்சா?" என்றார். மடையைப் பற்றிப் பேச வேண்டிய இரண்டு நிமிடம் ஸ்லைடு எண்ணில் போனது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அன்று மாலையே மாஸ்டரைத் திறந்து 38-ஐ 41 ஆக்கினேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு ஸ்லைடிலும் மாறவில்லை. இதைப் புரிந்துகொள்ளத்தான் அதிக நேரம் பிடித்தது. மாஸ்டரில் இருக்கும் எண் பெட்டி வெறும் அச்சு. அதன் கீழே தலைப்பு ஸ்லைடு, பட ஸ்லைடு என்று வகைக்கு ஒன்றாக இருக்கும் ஒவ்வொரு லேஅவுட்டும் அதற்குத் தனிப் பிரதி வைத்திருக்கிறது. ஸ்லைடில் எண்ணைச் சேர்க்கும்போது லேஅவுட்டிலிருந்து இன்னொரு பிரதி எடுக்கப்படுகிறது. பிரதி எடுத்த பிறகு மூலத்தைத் திருத்தினால் பிரதிக்குத் தெரியாது. லேஅவுட்டுகளிலும் திருத்திவிட்டு, ஹெடர் அண்ட் ஃபூட்டரில் டிக்கை எடுத்து எல்லா ஸ்லைடுக்கும் அப்ளை செய்து, மறுபடி டிக் போட்டு அப்ளை செய்த பிறகுதான் 41 வந்தது.

இதைவிட நல்ல வழி ஒன்று கிடைத்தது. மாஸ்டரில், எண் பெட்டியைத் தொடாமல், அதன் பக்கத்தில் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸ் ஒன்றை வைத்து அதில் '/ 41' என்று எழுதுவது. அது பின்னணிப் படம் மாதிரி எல்லா ஸ்லைடிலும் தெரியும். ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். தலைப்பு ஸ்லைடில் வேண்டாமென்றால் அந்த லேஅவுட்டில் ஹைட் பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸுக்கு டிக் போட்டால் போதும். பவர்பாயின்ட்டை விட முடியாதவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். ஆல்ட், எஃப்10 அழுத்தி அந்தப் பெட்டிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், ஸ்லைடுகளை எண்ணி அதில் எழுத ஒரே வரியில் மேக்ரோவும், அதாவது பவர்பாயின்ட்டுக்குள் ஓடும் சிறு நிரலும், எழுதலாம். மறைத்து வைத்த ஸ்லைடுகளையும் அது சேர்த்தே எண்ணும். ஆனால் ஒவ்வொரு முறையும் நாம்தான் அதை ஓட்ட வேண்டும். கோப்பையும் மேக்ரோ தாங்கும் வகையில், பிபிடிஎம் ஆகத்தான் சேமிக்க வேண்டும்.

கணிதத் துறைத் தோழி ஸ்லைடுகளைக் கட்டளைகளாக எழுதி உருவாக்குபவள்; லேடெக் என்ற மென்பொருளில் அதற்கான பீமர் தொகுப்பை வைத்து எழுதுவாள். மொத்தத்துக்கு அதில் கட்டளையே இருக்கிறதாம். இரண்டு முறை கம்பைல் செய்தால் சரியான எண் வந்துவிடும். நானிருந்த அவசரத்தில் லேடெக் கற்றுக்கொள்ள நேரமில்லை. அவள்தான் பவர்பாயின்ட் மாதிரியே ஸ்லைடு செய்யும் இலவச மென்பொருளான லிப்ரெஆபிஸ் இம்ப்ரெஸைப் பார்க்கச் சொன்னாள்.

இம்ப்ரெஸில் வியூ மெனுவில் மாஸ்டர் ஸ்லைடுக்குப் போனேன். கீழ்மூலைப் பெட்டியில் நம்பர் என்ற சொல் கோண அடைப்புக்குள் இருந்தது. அதற்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு சாய்கோடு போட்டு, இன்சர்ட், ஃபீல்டு, ஸ்லைடு கவுண்ட் என்று அழுத்தினேன். பக்கத்தில் கவுண்ட் என்று இன்னொரு சொல் வந்து உட்கார்ந்தது. மாஸ்டரை மூடி, ஹெடர் அண்ட் ஃபூட்டரில் ஸ்லைடு நம்பருக்கு டிக் போட்டதும் எல்லாவற்றிலும் 1 / 41, 2 / 41 என்று ஓடியது. சோதிக்க ஒரு வெற்று ஸ்லைடு சேர்த்தேன். எல்லாமே 42. அழித்தேன். மறுபடி 41. நாலைந்து முறை சேர்த்து அழித்துப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

வேலை அத்தோடு தீரவில்லை. பவர்பாயின்ட்டின் பிபிடிஎக்ஸ் கோப்பை இம்ப்ரெஸில் திறந்ததில் தமிழ் வரிகள் பல இடத்தில் உடைந்து கீழே இறங்கியிருந்தன. எல்லாவற்றையும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றி அளவைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கேள்விக்காக வைத்திருந்த ஆறு ஸ்லைடுகளும் கணக்கில் சேர்ந்துகொண்டன. அவற்றைத் தனிக் கோப்பாகப் பிரித்தேன். மொத்தம் 35 ஆனது. 'நன்றி' ஸ்லைடில் 35 / 35.

தேர்வு நாள் காலை ஏழு மணிக்கு நெறியாளர் போன் செய்தார். "அந்தப் பராமரிப்புச் செலவு அட்டவணையையும் சேர்த்துடும்மா, கட்டாயம் கேப்பாங்க." சேர்த்தேன். பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அரங்கக் கணினியில் எந்த மென்பொருள் இருந்தாலும் பிடிஎஃப் திறக்கும், எண்ணும் குலையாது. புறத்தேர்வாளர் வீடியோ வழியாக இணைந்திருந்தார். பேசி முடித்ததும், "36-ல 22-வது ஸ்லைடுக்குப் போங்க, அந்த மடை அளவுகளைப் பத்திக் கேக்கணும்" என்றார். நேராக அங்கே போனோம்.