பட்டிக் குப்பையில் முளைத்த வெள்வேல்

போன ஞாயிறு குனிந்து குனிந்து எண்ணினேன். 41. எல்லாமே முழங்காலைத் தாண்டிவிட்ட வெள்வேல் மரக் கன்றுகள். இதில் நான் பைக்கன்றாக வாங்கி நட்டு, வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றி, பேர் வைக்காத குறையாக வளர்த்தவை மூன்றே மூன்று. மீதி 38-ம் பக்கத்துக் காட்டுப் பெரியப்பாவின் ஆட்டுப்பட்டியில் கூட்டி அள்ளிய குப்பையிலிருந்து வந்தவை. மூன்று வருடமாக நான் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இடம் திருப்பூர் மாவட்டம் மூலனூருக்குப் பக்கம், அப்பாரு (தாத்தா) விட்டுப்போன இரண்டரை ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சலுக்கென்றே வேலி கட்டி வைத்த மானாவாரி நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவைச் செடியால் உயிர்வேலி, இதுதான் அமைப்பு. திருப்பூரில் பனியன் வேலை, ஞாயிற்றுக்கிழமை காடு. அவ்வளவுதான் நம் விவசாயம்.

பிரச்சினை இது. காட்டில் 26 பெரிய மரம் நிற்கிறது. அங்கங்கே வேம்பு, ஓரத்தில் இரண்டு உசில், மற்றதெல்லாம் வெள்வேல். எல்லாம் என் அப்பா வயது. நடுவயது மரம் ஒன்றுகூடக் கிடையாது. அப்பாரு போன பிறகு காட்டை மேய்ச்சல் குத்தகைக்கு விட்டோம். குத்தகைக்காரர் கொடுத்த காசுக்குப் பன்னிரண்டு மாதமும் ஓட்டினார், அவரைக் குறை சொல்ல முடியாது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தபோது, மரத்துத் தழையையும் மொட்டையடித்துத்தான் ஆடு மாட்டைக் காப்பாற்றினார்கள். பெரிய மரங்கள் அடுத்த மழைக்கே துளிர்த்துவிட்டன. கன்றுகள்தான் வாய்க்குத் தப்பவில்லை.

சரி, கன்று நடலாம் என்று இறங்கினேன். முதல் வருடம் ஒரு நர்சரியில் வெள்வேல் என்று சொல்லி 50 கன்று கொடுத்தார்கள். பேர் வேண்டாம். ஆறு மாதம் கழித்து முள்ளின் நீளத்தைப் பார்த்த பிறகுதான் பாதிக்கு மேல் கருவேல் என்று புரிந்தது. கருவேலும் நல்ல மரம்தான், ஆனால் கேட்டது அது இல்லையே. உண்மையான வெள்வேலும் சுகப்படவில்லை. செத்ததைப் பிடுங்கிப் பார்த்தால் ஆணிவேர் பைக்குள் சுருண்டு, நட்ட பிறகும் அதே சுருளில் நின்றிருந்தது. ஆழம் தேடிப் போக வேண்டிய மரத்தை முறுக்கு மாதிரிச் சுற்றி வைத்தால் சரளை மண்ணில் எப்படிப் பிழைக்கும்?

இரண்டாவது வருடம் நேரடி விதைப்பு. காயைப் பொறுக்கி டப்பாவில் போட்டு வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பாதி மாவு, வண்டு ஊசித் துளை போட்டிருந்தது. தேறியதற்கு, கெட்டித் தோல் இளக வெந்நீர் வைத்தியம் செய்தேன். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, உப்பியதை மட்டும் எடுத்தேன். ஆசிட் பக்கம் போகவில்லை, வீட்டில் குழந்தை இருக்கிறது. சித்திரையில் ஒரு நல்ல கோடை மழை பெய்த மறுநாள் 300 குழியில் ஊன்றினேன். ஒன்பதாம் நாள் போய்ப் பார்த்தால் காடெல்லாம் பச்சைப் புள்ளி. அன்றைக்கு எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு அலட்டியது தனிக்கதை.

வைகாசியில் ஒரு சொட்டு இல்லை. ஆனி, ஆடியில் நமக்கு என்ன வரும்? தென்மேற்கு மழையை மலை அந்தப் பக்கமே இறக்கிக்கொள்ள, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறும் காற்று. அத்தனையும் காய்ந்தது. 300-க்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் பெரியப்பா சொன்னார்: "பட்டியக் கூட்டி அள்ளிட்டுப் போ கண்ணு. நாங்க எந்தக் காலத்துல வெதையப் பொறுக்குனோம்?"

பங்குனி, சித்திரையில் காய் உதிர்ந்தால் ஆடு புல்லை விட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடும். ராத்திரி பட்டியில் அசைபோடும்போது விதையில் கொஞ்சத்தைத் துப்பும், கொஞ்சம் புழுக்கையோடு வரும். விழுந்த காயை உடனுக்குடன் தின்றுவிடுவதால் வண்டுக்கும் அவ்வளவாக நேரம் கிடைப்பதில்லை. குப்பையைக் காயவைத்து, லேசாகத் தட்டி, சல்லடையில் சலித்து, அப்புறம் முறத்தில் புடைக்க வேண்டும். இந்தப் புடைப்பதில்தான் நான் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். வேகமாகப் புடைத்தால் விதையும் பறக்கும், மெதுவாகப் புடைத்தால் புழுக்கைத் தூள் போகாது. பெரியம்மா முறத்தை வாங்கி நாலே தட்டில் பிரித்துக் காட்டினார்கள். எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு மூட்டைக் குப்பைக்கு இரண்டு கை விதை.

ஊன்றியபோது முதலில் ஏமாற்றம்தான். வெந்நீர் விதை மாதிரிக் குபீரென்று வரவில்லை. மழைக்கு இருபது, முப்பது. அதுவும் காய்ந்தது. ஐப்பசியில் இன்னும் கொஞ்சம் தலைகாட்டியது, அதில் பாதி நின்றது. அடுத்த கோடை மழைக்கும் முளைத்தது, அதற்கடுத்த ஐப்பசிக்கும் முளைத்தது. அப்போதுதான் உறைத்தது. நான் வெந்நீரில் எல்லா விதையின் தோலையும் ஒரே நாளில் இளக்கிவிட்டேன், அதனால் எல்லாம் ஒரே மழையை நம்பி வெளியே வந்துவிட்டன. ஆட்டு வயிற்றில் ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வொரு அளவு. தோல் இளகியது முதல் மழைக்கு, இளகாதது காத்திருந்து அடுத்த மழைக்கு. வருடத்துக்கு 600 மி.மீ.யை ஒட்டிப் பெய்யும், அதையும் எப்போது பெய்யும் என்று சொல்லாத ஊரில், இந்தத் தவணை முறைதான் செல்லுபடியாகிறது.

இதில் ஒரு தலைவலியும் உண்டு. ஆடு சீமைக்கருவேல் காயையும் அதே ஆசையோடு தின்கிறது. அதே குப்பை, அதே குழி. முளைத்த புதிதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விரல் நீளம் வந்ததும் இலையைப் பார்த்தால் தெரியும். சீமைக்கருவேல் இலையில் ஓரிரு ஜோடிக் கிளைதான் இருக்கும், வெள்வேல் பல ஜோடியாகப் பொடிப்பொடியாக இருக்கும். தெரிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். ஒரு வருடம் விட்டால் கடப்பாரைதான்.

மேய்ச்சல் பற்றியும் ஒன்று. காட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் கம்பி வலை போட்டு அடியோடு அடைத்தேன் (வலை விலையைப் பற்றிப் பேச வேண்டாம், வயிறு எரிகிறது). இன்னொரு பாதியில் புல் விதை உதிர்ந்த பிறகு, மார்கழி கடைசியிலிருந்து இருபது நாள் பெரியப்பாவின் மேச்சேரிச் செம்மறி ஆடுகளை மட்டும் விட்டு, பிறகு வாசல் படலைக் கட்டிவிட்டேன். 41-ல் 35 இந்தப் பாதியில்தான். அடைத்த பாதியில் புல் இடுப்பளவு. உள்ளே வெயில் இறங்காமல் கன்றுகள் நூல் மாதிரி வெளுத்து நின்றன, கோடையில் அந்தக் காய்ந்த புல்லைப் பார்த்தாலே யாராவது பீடி போட்டுவிடுவார்களோ என்று பயம். பையில் வளர்த்த மூன்றும் இருப்பது அங்கேதான். ஆனால் அடைத்த பக்கம் சுக்காங்கல்லும் அதிகம், அதனால் எல்லாப் பழியையும் புல்லின் மேல் போட மாட்டேன்.

செம்மறி புல்லைத்தான் தேடும். வெள்ளாடு அப்படியில்லை. போன புரட்டாசியில் வேலி இடுக்கில் நான்கு வெள்ளாடு புகுந்து ஒரே மதியத்தில் 11 கன்றின் தலையைக் கிள்ளிவிட்டது. ஆத்திரத்தில் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். மேலே ஒரு சாண் குச்சி, கீழே கட்டைவிரலைவிடத் தடித்த வேர், எவ்வளவு ஆழம் என்று பார்க்கும் முன் கை ஓய்ந்துவிட்டது. மற்ற பத்துக்கும் முள்ளை வெட்டி மூடினேன். ஐப்பசி மழைக்குப் பிறகு அதில் ஆறு இடுப்பைத் தொட்டுவிட்டன.

அந்த வேலி இடுக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஈரத்தில் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி ஐப்பசியில் 120 கிளுவைக் குச்சி ஊன்றியிருந்தேன், முக்கால்வாசி அடி அழுகிப் போயிற்று. இந்த முறை இலை விடுவதற்கு முன்பே வெட்டி, பத்து நாள் நிழலில் சாத்தி வைத்து, வெட்டுவாய் காய்ந்த பிறகு ஊன்றப் போகிறேன். குச்சி தர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், வண்டி வாடகை மட்டும் இன்னும் பேசி முடியவில்லை. அதற்குள் கொழுக்கட்டைப்புல் விதையைச் செம்மண்ணில் உருட்டி வைக்கும் வேலை வேறு பாதியில் கிடக்கிறது. பஞ்சு மாதிரி விதை, காற்றில் நிற்காது. இரண்டு படி உருட்டியாயிற்று, இன்னும் ஐந்து இருக்கிறது.