பியூரெட்டில் 21.3, பதிவில் 23.1

சனிக்கிழமை சாயங்காலம் சாம்பிள் வாங்குவதை ஆறு மணிக்கே நிறுத்திவிட்டு, எங்கள் லேபில் ஓடுகிற பதிவு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு ஏற்றினோம். வியாசர்பாடியிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி வந்திருந்தான். முதலில் பேக்கப், அதை வேறொரு டிஸ்கில் திறந்து பார்த்து எல்லாம் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் மற்றது. எட்டரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து தெரிந்தவர்கள், அதிலும் எங்களைப் போலச் சின்ன லேப் நடத்துகிறவர்கள், "என்ன புதுசா வந்திருக்கு, மாத்தறதுக்கு அவ்வளவு பிரயோஜனம் இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது தண்டையார்பேட்டையில் ஏழு பேர் வேலை செய்கிற ஒரு தண்ணீர்ப் பரிசோதனை லேப். குடிநீர், போர் தண்ணீர், மணலி பக்கத்துச் சின்னச் சின்ன யூனிட்களின் கழிவுநீர், அவ்வப்போது எண்ணூர் குப்பங்களிலிருந்து யாராவது கேனில் பிடித்துக் கொண்டுவருகிற தண்ணீர், இவ்வளவுதான் எங்கள் வேலை. நாங்கள் பயன்படுத்துவது ஈலேப்எஃப்டிடபிள்யூ என்கிற இலவச மென்பொருள். பாரிஸில் உள்ள கியூரி ஆய்வு நிறுவனத்தில் தொடங்கியது, மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நம்முடைய கம்ப்யூட்டரிலேயே சர்வர் வைத்து டாக்கர் என்கிற மென்பொருளுக்குள் ஓட்டிக்கொள்ளலாம், அதனால் இன்டர்நெட் போனாலும் லேபுக்குள் வேலை நிற்காது. கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குகிற வரைதான், அது வேறு விஷயம்.

இதற்கு முன்னால் எக்செல். அதற்கும் முன்னால் நோட்டு. எக்செல்லில் நாங்கள் பட்ட பாட்டில் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சாம்பிள் எண் முறை ரொம்ப எளிமையானது, மூன்றாவது இடத்தில் பிடித்த பன்னிரண்டாவது பாட்டில் என்றால் 3-12. அதை எக்செல் தானாகவே டிசம்பர் மூன்றாம் தேதி ஆக்கிவிடும். கவனிக்காமல் சேமித்து, மறுநாள் வரிசைப்படுத்தி, பாதி சாம்பிள்கள் தேதிகளாக மாறிப் போய், எது எந்த இடம் என்று பாட்டில்களின் லேபிளைப் பார்த்துத் திரும்பவும் எழுதியிருக்கிறோம். மரபணு ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்த மரபணுக்களையெல்லாம் எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-ல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றி வைக்கும்படி ஆகிவிட்டது.

நோட்டு போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாளும் உள்ளே போக முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் கதவைத் திறந்தபோது கீழ்த்தட்டில் இருந்த லாக் புக்குகள் எல்லாம் இட்லி மாதிரி ஊதிக் கிடந்தன. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, நடுவில் செய்தித்தாள் வைத்து, ஃபேனுக்குக் கீழே ஒரு வாரம் காயவைத்தோம். பால்பாயின்ட் பேனாவில் எழுதியது தப்பித்தது. ஜெல் பேனாவில் எழுதியது நீலக் கறையாகி விட்டது. அதே நாட்களில்தான் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்கள் வாளியும் கையுமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ பேருக்குத் தண்ணீரைப் பற்றிய பழைய அளவுகள் தேவைப்பட்ட நேரம். எங்களிடம் இருந்ததில் பாதி நீலக் கறை. அந்த வாரம்தான் இனி காகிதத்தை நம்பி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சரி, புதிய வசதிகளுக்கு வருகிறேன்.

சமீபத்திய பதிப்புகளில் ரசாயனப் பொருட்களுக்கென்று தனிப் பகுதி வந்திருக்கிறது. பெயரையோ, ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள அடையாள எண்ணான சிஏஎஸ் எண்ணையோ கொடுத்தால் பப்கெம் என்கிற ரசாயனத் தகவல் தளத்திலிருந்து விவரத்தை எடுத்துக்கொள்கிறது. எந்த அறை, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று இடத்தையும் சேர்த்து வைக்கலாம். பாதரச சல்பேட் எங்கே என்று ஒருவர் கேட்க, ஒருவர் தேட, கடைசியில் இரண்டாவது பாட்டிலையும் உடைத்து வைத்திருக்கிற நிலைமை இனி குறையும். நல்ல வசதிதான், இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கருவிகளுக்கு முன்பதிவு செய்கிற நாட்காட்டி ஏற்கெனவே இருந்தது, நாங்கள்தான் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. இந்த முறை பிஓடி இன்குபேட்டரை அதில் சேர்த்தோம். பிஓடி என்பது தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கின்றன என்கிற அளவு. நம் ஊர் முறைப்படி பாட்டிலை 27 டிகிரியில் மூன்று நாள் வைக்க வேண்டும். வியாழக்கிழமை வைத்த பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை எடுத்தாக வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, ஆனால் வியாழக்கிழமை பரபரப்பில் சாம்பிள் வரும்போது யாருக்கும் ஞாபகம் வராது, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டிருப்போம். இப்போது வியாழக்கிழமை பதிவு போடும்போதே ஞாயிறு வரை நீளும் கட்டம் கண் முன்னால் தெரிகிறது. யார் வருவார்கள் என்று அங்கேயே பேசி முடித்துவிடுகிறோம்.

ஆனால் நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது மாற்றங்களின் வரலாற்றுக்காகத்தான். யார், எப்போது, எதை, என்னவாக மாற்றினார்கள் என்று ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் தேங்கிக்கொண்டே வருகிற பட்டியல். புதிது என்று இதைச் சொல்ல முடியாது, முன்னாலிருந்தே இருக்கிறது. ஆனால் இந்த முறை படிவங்களைத் திருத்தி அமைத்தபோது நாங்களாகவே ஒரு கட்டத்தைச் சேர்த்தோம், "மாற்றியதற்குக் காரணம்" என்று. அது என்ன செய்தது என்பதைப் போன செவ்வாய்க்கிழமை பார்த்தேன்.

மணலி பக்கத்திலிருந்து வந்த ஒரு கழிவுநீர் சாம்பிள், சிஓடி, அதாவது அழுக்கை ரசாயனத்தால் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதைப் பார்க்க வேண்டும். டைகுரோமேட்டும் ஆசிடும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மிச்சமிருக்கிற டைகுரோமேட்டை ஃபெரஸ் அமோனியம் சல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது, இதுதான் டைட்ரேஷன். முடிவை நிறத்தில் காட்ட ஃபெர்ராயின் இரண்டு சொட்டு. நீலப்பச்சையாக இருந்துகொண்டே இருக்கும், கடைசிச் சொட்டில் சட்டென்று செங்கல் நிறத்துக்குத் திரும்பும், அந்தச் சொட்டில் கையை நிறுத்துவதற்குப் பழக்கம் வேண்டும். எங்கள் லேபில் அதில் நல்ல கை என்றால் காசிமேட்டிலிருந்து வருகிற டெக்னீஷியன் பெண்தான், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பிளாங்க், அதாவது சாம்பிளுக்குப் பதில் சுத்தமான தண்ணீர் வைத்துச் செய்தது, 24.6 மில்லி. சாம்பிளின் அளவு இதைவிட எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சிஓடி அதிகம். சாம்பிளுக்கு 23.1 என்று பதிவு செய்திருந்தாள். எடுத்த சாம்பிள் 10 மில்லி, கரைசலின் செறிவு 0.1 நார்மல். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 120 மில்லிகிராம். ஆற்றிலோ கால்வாயிலோ விடும் கழிவுநீருக்கு சிஓடி வரம்பு 250. அதனால் பாஸ்.

மறுநாள் காலையில் நான் சரிபார்க்கும்போது டூப்ளிகேட் 21.4 என்று இருந்தது. ஒரே சாம்பிளின் இரண்டு டைட்ரேஷனுக்கு நடுவில் 1.7 மில்லி வித்தியாசம் வரக் கூடாது. கூப்பிட்டுக் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "அக்கா, போட்டோ இருக்கே" என்றாள். டைட்ரேஷன் முடிந்ததும், கரைசலைச் சொட்டவிடும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டை போனில் படம் எடுத்து அந்தப் பதிவிலேயே ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். திரவத்தின் அடி வளைவு 21-க்குக் கீழே மூன்றாவது கோட்டில் நின்றது. 21.3. கையுறையைக் கழற்றிவிட்டு டைப் செய்யும்போது இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. 21.3 வைத்துக் கணக்குப் போட்டால் 264. டூப்ளிகேட்டோடு சேர்த்துச் சராசரி 260. வரம்பைத் தாண்டிவிட்டது.

அவள் முகம் சுருங்கிப்போனது. திட்டுவேன் என்று நினைத்திருப்பாள். நான் சொன்னது ஒன்றுதான், "நீயே மாத்து, காரணத்தை நீயே எழுது." எழுதினாள்: "பியூரெட் படத்தைப் பார்த்தேன். 21.3. இலக்கங்களை மாற்றி டைப் செய்துவிட்டேன்." கீழே அவள் பெயர், தேதி, நேரம், 23.1 என்கிற பழைய எண், 21.3 என்கிற புதிய எண். யாரும் எதையும் அழிக்கவில்லை. பரிசோதனை லேப்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரத்தில், 2017 பதிப்பின் 7.5.2 பிரிவில் கேட்பதும் இதைத்தான். திருத்தினால் பழையதும் இருக்க வேண்டும், புதியதும் இருக்க வேண்டும், தேதியும் எது மாறியது என்பதும் யார் மாற்றினார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. படிப்பு முடித்து நான் சேர்ந்த முதல் லேபில், பெயர் வேண்டாம், ஒரு நாள் பொறுப்பாளர் என்னிடம் ஒரு பக்கத்தைக் காட்டி, கிறுக்கலாக இருக்கிறது, புதுத் தாளில் அழகாக எழுதிக் கொடும்மா என்றார். ஒரு எண்ணை மட்டும் அவர் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் வேறொரு எண் எழுதியிருந்தார். நான் எழுதிக் கொடுத்தேன். பழைய தாளை என் கண் முன்னாலேயே கிழித்தார். அந்த முதல் எண் சரியா, அவர் எழுதிய எண் சரியா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இருபத்திரண்டு வயது, மூன்றாவது மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை, முடியாது சார் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அந்த மேஜையில் இப்படி ஒரு மென்பொருள் இருந்திருந்தால் நான் தைரியசாலியாக இருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. முதலில் எழுதிய எண் தானாகவே உள்ளே நின்றிருக்கும்.

அதனால்தான் நேர முத்திரையையும் மறக்காமல் போடச் சொல்கிறேன். பதிவு முழுவதிலிருந்தும் ஒரு விரல் ரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணை மென்பொருள் கணக்கிட்டு, அதை மட்டும் வெளியே ஒரு முத்திரை சேவைக்கு அனுப்புகிறது. அந்தச் சேவை நேரத்தைச் சேர்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறது. ஆர்எஃப்சி 3161 என்கிற முறை. நம்முடைய அளவுகள் எதுவும் வெளியே போவதில்லை, எண் மட்டும்தான் போகிறது. பிறகு யாராவது, நானே கூட, உள்ளே ஒரு புள்ளியை மாற்றினாலும் ரேகை ஒத்துப்போகாது. லேப் நடத்துகிற என்னையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு இது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அந்த யூனிட்டுக்கு 260 என்றுதான் ரிப்போர்ட் போனது. முதலில் போனில் கொஞ்சம் சத்தம், அப்புறம் நேரில் வந்தார்கள். பியூரெட் படத்தையும் மாற்ற வரலாற்றையும் அப்படியே திரையில் காட்டினேன். பார்த்துவிட்டு, கழிவுநீருக்குக் காற்று ஏற்றுகிற ஏரேட்டர் ஒன்று ஓடாமல் இருக்கிறது மேடம், சரி செய்துவிட்டு மறுபடி சாம்பிள் தருகிறோம் என்றார்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஈரக் கையோடு, கையுறையோடு டைப் செய்ய முடியாது, அதனால் மேஜையில் இன்னும் ஒரு சின்ன நோட்டு இருக்கத்தான் செய்கிறது. நோட்டிலிருந்து திரைக்கு எண் போகிற அந்த இரண்டடி தூரத்தில்தான் தப்பு நடக்கிறது. ஜிப் கவருக்குள் போட்ட டேப்லெட் ஒன்றை இப்போது முயற்சி செய்கிறோம். இன்னொன்று, நாளைக்கு இந்த மென்பொருளே வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். டாட் ஈஎல்என் என்கிற பொதுவான வடிவத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுக்கலாம். உள்ளே பார்த்தால் அது சாதாரண ஜிப் கோப்புதான், படங்களும் இணைப்புகளும் ஒரு ஜேசான் விவரப் பட்டியலும் இருக்கும். இந்த வடிவத்தை ஏற்கிற வேறு மென்பொருள்களும் உண்டு. மாதம் ஒரு முறை எடுத்து, லேபுக்கு வெளியே, மாடியில் இருக்கிற ஒரு வீட்டில் டிஸ்கை வைக்கிறோம். வெள்ளம் பார்த்தவர்களுக்கு ஏன் மாடி என்று சொல்ல வேண்டியதில்லை.

மிக்ஜாமில் நனைந்த அந்த லாக் புக்குகளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பக்கத்தைப் படம் எடுத்து இணைத்துவிட்டு, தெரிகிற எண்ணை மட்டும் டைப் செய்வது. நேற்று அந்தப் பெண் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். நெட்டுக்குப்பம் சாம்பிள், 2022, பிஎச் ஏழு புள்ளி ஏதோ. மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். "படிக்க முடியவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். இன்னும் நாற்பத்தொரு பக்கம் பாக்கி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிஓடி பாட்டில் எடுக்க நான்தான் போகிறேன், அப்போது ஒரு பத்துப் பக்கமாவது ஏற்றிவிட வேண்டும்.