ஒன்பது வயதுக்குள்: இங்கிலாந்துக் கால்பந்தில் ஆசியர்கள்

9 மார்ச் 2024, சனி

செல்ஹர்ஸ்ட் பார்க்கில் இன்று கிரிஸ்டல் பேலஸ், லூட்டன் ஆட்டம். விசில் சன்னி சிங் கில் கையில். இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் ஒரு பிரிட்டிஷ் தெற்காசியர் நடுவராக நிற்பது இதுவே முதல் தடவை. லீக்குக்கு இது 32-வது சீசன். அப்பா ஜர்னைல் சிங் தலைப்பாகையோடு கீழ்ப்பிரிவு ஆட்டங்களை நடத்தியவர். சகோதரர் பூபிந்தர் போன வருடம் ஜனவரியில் பிரீமியர் லீக்கில் துணை நடுவராகக் கொடி பிடித்தார். மூவரும் ஒரே வீடு. வழி சொல்லித்தர வீட்டிலேயே ஆள் இருந்ததால் வந்தார்கள். மற்ற வீடுகளுக்கு அந்த வழியை யார் சொல்லித்தருவது?

2 ஜூன் 2024, ஞாயிறு

2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் ஆசியர் 9.3 சதவீதம். வீரர்கள் சங்கமான பி.எஃப்.ஏ. 2022 வாக்கில் சொன்ன கணக்கில், ஏறக்குறைய 3,700 தொழில்முறை ஆண் வீரர்களில் தெற்காசிய வழியினர் 16 பேர். அரை சதவீதம்கூட இல்லை.

தென்கொரிய வீரர் சன் ஹியுங்-மின் இல்லையா என்பார்கள். 2021-22-ல் 23 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணியை லிவர்பூலின் சலாவோடு பகிர்ந்தவர். ஆசிய உடம்பு இந்த லீக்கைத் தாங்காது என்ற பேச்சுக்கு அவர் ஒருவரே போதுமான பதில். ஆனால் அவரை வளர்த்தது ஜெர்மன் கிளப்புகளான ஹாம்பர்க்கும் லெவர்குசனும். முழுதாய் வளர்ந்த வீரரை விலைகொடுத்து வாங்குவது வேறு. ஆசியர் நிறைய வாழும் பிராட்ஃபோர்டில் பிறந்த ஏழு வயதுப் பையனைக் கண்டெடுப்பது வேறு. கணக்கு உதைப்பது இரண்டாவதில்.

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

சீசன் தொடங்கிவிட்டது. கிளப்புகளுக்காகத் திறமையுள்ள பிள்ளைகளைத் தேடும் ஸ்கவுட்டுகள் மைதானம் மைதானமாகப் போவார்கள். எந்த மைதானம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியான அகாடமி ஒரு பையனை முறைப்படி பதிவு செய்வது ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில். ஆனால் ஆறு, ஏழு வயதிலேயே, அகாடமிக்கு முந்தைய பயிற்சி மையங்களில், பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. அங்கே பையன்களை அனுப்புவது ஸ்கவுட்டுக்குப் பழக்கமான சில உள்ளூர் கிளப்புகள். ஆசியப் பிள்ளைகள் பலர் ஆடுவதோ பூங்காவில், உள்ளரங்க ஐவர் ஆட்டத்தில், சொந்தச் சமூக அணிகள் மட்டும் மோதும் போட்டிகளில். ஆட்டம் அங்கேயும் நல்ல ஆட்டம்தான். பார்க்கத்தான் ஆள் வருவதில்லை. பன்னிரண்டு வயதில் ஒருவன் கண்ணில் பட்டாலும், எதிரே நிற்பவன் பல வருட அகாடமிப் பயிற்சி எடுத்தவன். அந்த இடைவெளியைத் திறமைக் குறைவு என்று எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்று, உடல்வாகு. வயதுப் பிரிவு செப்டம்பர் 1-ல் தொடங்குகிறது. செப்டம்பரில் பிறந்தவன் அடுத்த ஆகஸ்ட்டில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன், ஆனால் இருவரும் ஒரே அணியில். எட்டு வயதில் இது பெரிய வித்தியாசம். எந்தப் பிள்ளையையும் இது பாதிக்கும். ஆகஸ்ட்டுப் பிள்ளை ஆசியனாக இருந்துவிட்டால் மட்டும் ‘இவர்கள் உடம்பே இப்படித்தான்’ என்று முடித்துவிடுவது சுலபமாகிறது. ஸ்கவுட் குறிப்பில் பிறந்த மாதத்தை எழுதவைத்தால் இந்தத் தவறில் பாதி குறையும்.

பெற்றோருக்கு: இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வின் இணைப்புள்ள லீக்கில் ஆடும் அணியில் ஏழு வயதுக்குள் சேர்த்துவிடுங்கள். ஸ்கவுட் என்று வருபவரிடம் கிளப் அடையாள அட்டையைக் கேளுங்கள். டிரையலுக்குக் கட்டணம் என்று யாராவது சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

10 அக்டோபர் 2024, வியாழன்

வுல்வ்ஸின் தென்கொரிய வீரர் ஹ்வாங் ஹீ-சான் விஷயத்தில் ஃபிஃபா தீர்ப்பு வந்துவிட்டது. ஜூலையில் ஸ்பெயினின் மார்பெல்லாவில் வுல்வ்ஸ், கோமோ நட்பு ஆட்டம். அவரை ‘ஜாக்கி சான்’ என்று சொல்லிக் கேலி செய்த கோமோ தடுப்பாட்டக்காரருக்கு 10 ஆட்டத் தடை; அதில் பாதி நிறுத்திவைப்பு. அன்று மைதானத்தில் சிவப்பு அட்டை வாங்கியதோ ஹ்வாங்குக்காகக் கோபப்பட்டுக் கையோங்கிய சக வீரர் பொடென்ஸ். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ இது தன் எல்லைக்குள் வராது என்றது. ஆங்கிலக் கிளப், இத்தாலியக் கிளப், ஸ்பானிய மண், நட்பு ஆட்டம்: இப்படி இருந்தால் புகாரை எந்த வாசலில் கொடுப்பது என்பதிலேயே வாரங்கள் போய்விடும்.

19 நவம்பர் 2024, செவ்வாய்

டாட்டன்ஹாம் வீரர் பென்டங்கூருக்கு நேற்று ஏழு ஆட்டத் தடை, ஒரு லட்சம் பவுண்டு அபராதம். சன்னுடைய சட்டையைக் கேட்ட தொலைக்காட்சிக்காரரிடம், அது சன்னின் ஒன்றுவிட்ட சகோதரனுடையதாகவும் இருக்கலாம், எல்லோரும் ஒரே மாதிரிதானே இருக்கிறார்கள் என்று ஜூனில் சொன்னதற்கு. சொன்னது சொந்தக் கேப்டனைப் பற்றி. இனம் குறித்த வசைக்கு எஃப்.ஏ. வழிகாட்டுதல் 6 முதல் 12 ஆட்டம் வரை. ஏழு என்பது அடிமட்டத்துக்குப் பக்கம். தடை உள்நாட்டு ஆட்டங்களுக்கு மட்டும். ஐரோப்பியப் போட்டியில் அவர் ஆடலாம். இது போதாது.

24 நவம்பர் 2024, ஞாயிறு

புகார்கள் செத்துப்போவது ஆதாரம் இல்லாமல்தான். அரங்கில் வசை கேட்டால் நேரம், பிளாக், வரிசை, இருக்கை எண், சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் கேட்டவர் யார் என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். ‘இனவெறியாகப் பேசினார்’ என்று மட்டும் எழுதினால் விசாரணையில் நிற்காது. அடுத்து அரங்கப் பணியாளரான ஸ்டூவர்டிடம் சொல்லுங்கள். ஆட்டம் முடியும்வரை காத்திருந்தால் ஆள் கூட்டத்தில் கலந்துவிடுவார். பிறகு கிளப், இனவெறிக்கு எதிரான அமைப்பான கிக் இட் அவுட்டின் செயலி, போலீஸ். சமூக ஊடகத்தில் வந்தால் பிளாக் செய்வதற்கு முன் கணக்கின் பெயர், இணைப்பு, நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். கோபத்தில் அழித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

வீரர் என்றால் அப்போதே நடுவரிடம் சொல்ல வேண்டும். அது நடுவர் அறிக்கையில் ஏறாவிட்டால் பின்னால் வழக்கு மெலிந்துவிடும்.

இது பலன் தருகிறது. 2022 ஆகஸ்ட்டில் செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் சன்னைப் பார்த்துக் கண்ணை இழுத்துக் காட்டியவருக்கு நீதிமன்றம் மூன்று வருட அரங்கத் தடையும் 726 பவுண்டு அபராதமும் போட்டது.

26 மார்ச் 2025, புதன்

நேற்று ஷில்லாங்கில் இந்தியா, வங்கதேசம் 0-0. வங்கதேசத்துக்காக ஹம்சா சௌத்ரியின் முதல் ஆட்டம். லஃப்பரோவில் பிறந்து, சிறு வயதிலேயே லெஸ்டர் அகாடமிக்குள் போய், 2021-ல் எஃப்.ஏ. கோப்பை வென்றவர். நேரத்தில் உள்ளே போனவர் அவர்.

நம்மவர் ஒருவரும் இருக்கிறார். விமல் யோகநாதன், ஈழத் தமிழ் வழி, வேல்ஸில் வளர்ந்த நடுக்கள வீரர். தொடக்கம் லிவர்பூல் அகாடமி, பிறகு பார்ன்ஸ்லி.