சித்தப்பா காணாமல் போன மொழி

பிப்ரவரி 4
வடக்கு பிரான்சின் நார்மண்டிக்காரர்களுக்கு வைக்கிங்குகளின் வழிவந்தவர்கள் என்று பெயர். ஆனால் அவர்கள் பேசும் நார்மன் மொழியின் அடிப்படை உறவுமுறைச் சொற்கள் லத்தீன் வழி வந்தவை. 911 வாக்கில் வைக்கிங் தலைவன் ரோலோவுக்கு அங்கே சேன் ஆற்றோரம் நிலம் கிடைத்தது. அவன் கூட்டத்தார் விட்டுப்போன சொற்களைத் தேடினால் கடலும் நிலமும்தான் அகப்படுகின்றன. அலையைக் குறிக்கும் 'வாக்' அவர்களுடையது. 'இவ்தோ' என்ற ஊர்ப்பெயரின் 'தோ', வீட்டுமனைக்கு வைக்கிங்குகளின் மொழியான நார்ஸில் உள்ள சொல். மனைக்கு நார்ஸ் பெயர், அதில் குடியிருக்கும் அப்பா அம்மாவுக்கு லத்தீன் பெயர்!

பிப்ரவரி 5
இதில் பெரிய மர்மம் இல்லை. வந்த ஆண்கள் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினார்கள். ரோலோவின் பேரன் ரிச்சர்டை நார்ஸ் கற்பதற்காக நார்மண்டியின் பாயூ நகருக்கு அனுப்பினார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் டூடோ எழுதி வைத்திருக்கிறார். தலைநகர் ரூவானில் அந்த மொழி அவ்வளவு தேய்ந்திருந்ததாம். தாத்தாவின் மொழியைப் பேரன் வெளியூர் போய்ப் படிக்க வேண்டிய நிலை.

பிப்ரவரி 8
இன்று முழுக்க மாமா, அத்தை விவகாரம். பழைய லத்தீன் நம்மைப் போலவே கறாரானது. அப்பாவின் சகோதரர் 'பத்ருவுஸ்', தாய்மாமன் 'அவுன்குலுஸ்', அத்தை 'அமிதா', அம்மாவின் சகோதரி 'மாதெர்தெரா'. பிறகு பிரெஞ்சாகவும் நார்மனாகவும் மாறிய பேச்சில் சித்தப்பாவும் சித்தியும் உதிர்ந்துபோனார்கள். தாய்மாமனும் அத்தையும் மட்டும் தங்கி, இரு பக்கத்துக்கும் பொதுவானார்கள். நம் ஊர்க் கணக்கில் அந்த இருவரும் கணவன் மனைவி!

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்கள் வழியாக இவை அங்கே 'அங்கிள்', 'ஆன்ட்' ஆயின. பழைய ஆங்கிலத்திலும் தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன, இரண்டும் வழக்கொழிந்தன. நெவ்யூ, நீஸ், கசின் எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவையே. தந்தை, தாய், மகன், மகளுக்கான ஆங்கிலச் சொற்களை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை 'அங்கிள்' என்கிறோமே, சொல்லின் வேரைப் பார்த்தால் அவர் தாய்மாமன், சீர் கேட்டுவிடலாம்.

பிப்ரவரி 11
நார்மண்டிக் கரைக்கு அருகே உள்ள ஜெர்சி தீவின் நார்மனில் அப்பா 'பேத்', அம்மா 'மேத்', சகோதரன் 'ஃப்ரேத்'. கேட்டவுடன் ஆங்கில 'ஃபாதர்', 'மதர்' ஒட்டிக்கொண்டது என்று தோன்றும். கிடையாது. லத்தீன் 'பாதெர்' சொல்லின் தகரம் பிரெஞ்சு 'பேர்' ஆவதற்குள்ளேயே விழுந்துவிட்டது. மிஞ்சிய ரகரம் ஜெர்சியில் 'மதர்' சொல்லில் வரும் மெல்லிய தகரமாக மாறியது. உயிர்களுக்கு இடையில் வரும் ரகரத்துக்கு அங்கே பொதுவாக நேர்ந்த கதி அது. உறவுச் சொற்களுக்கென்று தனிச் சலுகை இல்லை. பக்கத்துக் குவெர்ன்சி தீவில் ரகரம் அசையாமல் இருக்கிறது.