3,000 ரூபாய்க்குள் ஒரு பழைய பேஞ்சோ: தேடியதும் வாங்கியதும் சரிசெய்ததும்

ஏப்ரல் கடைசி வாரம்

பேஞ்சோ என்று கேட்டால் இரண்டு வேறு வாத்தியங்களைக் காட்டுகிறார்கள். ஒன்று அமெரிக்க பேஞ்சோ. வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, நீளக் கழுத்து வைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் உருவாக்கிய வாத்தியம் அது. இன்னொன்று நம் நாட்டுக் கடைகளில் பேஞ்சோ என்று விற்கிற புல்புல்தாரா. மரப்பெட்டி, நீளவாக்கில் கம்பித் தந்திகள், அவற்றுக்கு மேலே டைப்ரைட்டர் மாதிரி வரிசையாகப் பொத்தான்கள். இடது கை பொத்தானை அழுத்த, வலது கை மீட்ட வேண்டும்.

முதலில் ஆசைப்பட்டது அமெரிக்க பேஞ்சோவுக்குத்தான். என்னிடம் இருந்ததோ 3,000 ரூபாய். பழையதாகவே வாங்கினாலும் அதற்குள் முடியாது என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. சரி, புல்புல்தாராவைப் பார்ப்போம் என்று திரும்பினேன். அதைப் பற்றிப் படிக்கப் படிக்க, எனக்காகவே செய்துவைத்த வாத்தியம் மாதிரி தோன்ற ஆரம்பித்தது. 1912-இல் ஜப்பானின் நகோயாவில் மொரிதா கோரோ என்பவர் டைப்ரைட்டர் பொத்தான்களைப் பார்த்து தைஷோகோதோ என்ற வாத்தியத்தைச் செய்தார். அதிலிருந்து வந்ததுதான் நம் புல்புல்தாரா. நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவன். இந்த விரல்களுக்கு வேறென்ன வேண்டும்!

இரண்டு வாத்தியத்துக்கும் ஒரு உறவும் இருக்கிறது. ஐந்து தந்தி பேஞ்சோவில் ஐந்தாவதாக ஒரு குட்டைத் தந்தி உண்டு. பாட்டு எங்கே போனாலும் அது ஒரே சுரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். புல்புல்தாராவிலும் பாட்டுத் தந்திக்குப் பக்கத்தில் சுருதித் தந்திகள் ஓடுகின்றன. தம்புராவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது போதும்.

மே 4

இணையத்தில் ஒன்று பார்த்தேன். வடக்கே ஏதோ ஊர். 6,500 ரூபாய், பேசினால் குறையும் என்றார்கள். மேலே மயில் ஓவியம், ஓரமெல்லாம் பளபள. ஒரு கோடியிலிருந்து மறு கோடி தெரிகிற மாதிரி படம் அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் பெட்டியின் வலது மூலை தூக்கிக்கொண்டு நின்றது. மரம் முறுக்கியிருக்கிறது. விட்டுவிட்டேன்.

இப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் மதுரையில் எங்கள் பழங்காநத்தம் தெருவில் கட்டில், கதவு செய்கிற ஆசாரி அண்ணன். அவருக்குச் சங்கீதம் தெரியாது, மரம் தெரியும். “தந்தி போனா மாத்திக்கலாம், ஆணி போனா மாத்திக்கலாம். பலகை முறுக்கிருச்சுன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது தம்பி. நூல் பிடிச்சுப் பாத்துட்டு வாங்கு” என்றார். அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒரு தையல் நூல்கண்டும், தையற்காரர் வைத்திருக்கும் டேப்பும் இருந்தன.

மே 11

சிம்மக்கல் பக்கம் பழைய சாமான் கடை ஒன்றில், மின்விசிறி இறக்கைகளுக்கு நடுவே கிடந்தது. 900 ரூபாய்தான். எடுத்துத் தட்டிப் பார்த்தேன், நல்ல சத்தம். நீளவாக்கில் நூலை இழுத்துப் பிடித்தேன். நடுவில் மேல்பலகை விரல் தடிமனுக்கு உள்வாங்கியிருந்தது. பல வருஷம் தந்தியைத் தளர்த்தாமலே வெயில் படும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். பலகை உள்வாங்கினால், பொத்தான் தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகளான மெட்டுகளும் கூடவே இறங்கும். அப்புறம் நடுப் பொத்தான்களில் சுரம் சேராது. கடைக்காரர் 600-க்கு இறங்கினார். மலிவாகக் கிடைக்கிறதே என்று கை துறுதுறுத்தது, ஆனால் வைத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

மே 25

கிடைத்துவிட்டது! அலுவலக நண்பர் சொல்லி திருப்பரங்குன்றத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா, பரணிலிருந்து பேரனை விட்டு இறக்கச் சொன்னார். பழைய வேட்டியில் சுற்றியிருந்தது. “அவர் இருந்தவரைக்கும் மார்கழி பஜனைக்கு இதைத் தூக்கிட்டுத்தான் போவார் தம்பி. இவன் சின்னப் பையனா இருந்தப்ப கொஞ்ச நாள் இதை வச்சு விளையாண்டான்” என்றார்.

நூல் பிடித்தேன். கோடு போட்ட மாதிரி நேர். முதுகுப் பலகையில் ஒரு சின்ன விரிசல், அது பரவாயில்லை. ஆறு தந்திக்கு இடம்: பாட்டுக்கு இரண்டு, சுருதிக்கு நான்கு. அதில் ஒரே ஒரு பாட்டுத் தந்திதான் துருவேறி மிச்சமிருந்தது. அதை மெல்ல முறுக்கி 5 கட்டைச் சுருதிக்குக் கொண்டுவந்தேன். செல்போனில் சுருதி பார்க்கும் செயலி வைத்திருக்கிறேன். பொத்தான் அழுத்தாமல் மீட்டினால் ஸ. மேல் ஸ பொத்தானை அழுத்தி மீட்டினால் 30 சென்டுக்கு மேல் ஏறி நின்றது. ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 100 சென்ட். முப்பது என்றால் பஜனையில் பக்கத்தில் உட்கார்ந்தவரே முகம் சுளிப்பார்.

மனசு விட்டுப்போச்சு. இருந்தாலும் டேப்பை எடுத்தேன். தந்தியின் நீளத்தைச் சரிபாதியாக்கினால் மேல் ஸ வரும். அதனால் தந்தி தொடங்கும் சட்டத்திலிருந்து மேல் ஸ மெட்டுவரை எவ்வளவோ, அந்த மெட்டிலிருந்து, மறு கோடியில் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரைவரை அவ்வளவே இருக்க வேண்டும். முதல் பாதி 24 சென்டிமீட்டர். இரண்டாவது பாதி 23.2. எட்டு மில்லிமீட்டர் குறைகிறது.

குனிந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. குதிரைக்கு வெளிப்புறம், ஒரு சென்டிமீட்டர் தள்ளி, வார்னிஷில் ஒரு வெளிர்கோடு. குதிரையின் அடி அளவே இருந்தது. குதிரை வருஷக்கணக்கில் நின்றிருந்த தடம் அது! மெட்டுகளில் தப்பே இல்லை. தந்திகள் தளர்ந்து கிடந்த காலத்தில் குதிரை நகர்ந்திருக்கிறது, பேரன் விளையாடியபோதாகத்தான் இருக்கும். அந்தக் கோட்டின்மேல் குதிரையைத் தள்ளிவைத்து மறுபடி 5 கட்டைக்கு முறுக்கி மீட்டினேன். ஸவும் மேல் ஸவும் ஒன்றோடு ஒன்று கலந்தன. கோடு 24-ஐத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் கூடவே இருந்தது. பொத்தான் தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். அதைச் சரிக்கட்டத்தான் அந்த இரண்டு மில்லிமீட்டர். அந்தப் பெரியவருக்கு அருமையான காது இருந்திருக்கிறது.

பழுது சின்னதுதான், சரியாகிவிட்டது என்று அந்த அம்மாவிடமும் சொன்னேன். 1,700 கேட்டார், பேரம் பேச மனசு வரவில்லை. காபி கொடுத்தார்.

ஜூன் முழுக்க

சுத்தம் செய்வதே ஒரு வாரம். உள்ளே கரப்பான் முட்டை, சுண்டல் காகிதம், ஒரு பத்துப் பைசா. மெட்டுகளில் துரு. வழவழப்பான உப்புத்தாளைக் குச்சியில் ஒட்டி, மெட்டின் நீளவாக்கிலேயே தேய்த்தேன். 

தந்திக்கு ரொம்ப யோசித்து மேண்டலின் செட் ஒன்று வாங்கினேன், 450 ரூபாய். அதன் முனையில் வளையம் இருப்பதால் ஆணியில் அப்படியே மாட்டலாம். எட்டுத் தந்தி, ஜோடி ஜோடியாக வரும். மிக மெல்லிய ஜோடி பாட்டுக்கு. அடுத்த ஜோடி சுருதிப் பஞ்சமத்துக்கு, அதாவது பவுக்கு. சுற்றுக்கம்பி ஜோடிகளில் மெல்லியது கீழ் ஸவுக்கு. தடித்த ஜோடி மிச்சம், பத்திரமாக வைத்திருக்கிறேன். மேண்டலினைவிட இதில் தந்தி நீளம் அதிகம் என்பதால் பாட்டுத் தந்தியை மேண்டலின் சுருதிவரை முறுக்கவே கூடாது, அறுந்துவிடும். 5 கட்டையில் நிம்மதியாக நிற்கிறது.

முறுக்காணி இரண்டு பிடிக்கவில்லை. காலையில் சேர்த்த சுருதி மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். ஆசாரி அண்ணன் துளையைப் பெரிதாக்கி, தேக்குக் குச்சி அடித்து அடைத்து, அதிலேயே புதுத் துளை போட்டுக் கொடுத்தார். 300 ரூபாய். நாலு பொத்தான்களுக்கு ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது, மாற்றினேன், 80. உப்புத்தாள், கம்பளித் துணி 70. ஆக 2,600. பஸ் செலவு போகவும் கையில் காசு மிச்சம்.

ஜூலை 13

மோகன ராகத்தின் ஆரோகணம், அவரோகணம் தடங்கல் இல்லாமல் வருகிறது. கமகம் வராது. பொத்தான் விழும் இடத்தில்தான் சுரம், நெளிவு சுளிவுக்கு வழியில்லை. ஆர்மோனியத்துக்கும் இந்தக் குறைதான், அதனால்தான் அகில இந்திய வானொலி 1940-இல் அதை ஒதுக்கிவைத்தது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நேராக நின்று அதிரும் சுரமும், கீழே விடாமல் ஓடும் ஸவும் பவும் சேரும்போது சின்ன அறை நிறைந்துவிடுகிறது. பழகும் நேரம் ராத்திரி எட்டரை. மாடிவீட்டு அக்கா நேற்று, “தம்பி, இன்னைக்கு ஏன் சத்தத்தையே காணோம்?” என்று கேட்டார்.

மேல் ஸ்தாயியில் இரண்டு பொத்தான்கள் இன்னும் கரகரக்கின்றன. அழுத்தும் மெட்டுக்கு அடுத்த மெட்டு ஒரு முடியளவு உயரம், அதில் தந்தி உரசுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அரத்தை வைத்து, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை மீட்டிப் பார்த்துத்தான் இறக்கப்போகிறேன்.